சிவப்பு இறுங்கும் ரெஜினாவும்

ஜூன் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. தெரணியகலை பஸ் இல்லை. பிள்ளைக் காம்பராவில் ஒன்பது பிள்ளைகள்தான், மற்றவர்களைக் கொழுந்தெடுக்கும் தாய்மார் கொண்டுவந்து விடவில்லை. இறுங்குச் சோளக் கஞ்சி, பிறகு ஆளுக்கு அரைக் கப் பால் விடாத பிளேன்டீ. பதினொரு வருடமாக இப்படித்தான். இறுங்கு நல்ல சிவப்பாகத் தேடி வாங்குவேன். சிவப்பென்றால் இரத்தம் ஊறும்.

புது உதவியாள் ரெஜினா, ஹட்டன் பக்கமிருந்து இங்கே வாக்கப்பட்டவள், முகம் சுளித்தாள்.

"கஞ்சி குடிச்ச கையோட தேத்தண்ணி குடுக்காதீங்கக்கா. சத்து ஒட்டாது."

வந்து ஒரு மாதம். எனக்குப் பாடம்.

ஜூன் 5, வியாழன்

மழை. சீனி முடிந்தது. பாய்கள் காயவில்லை.

மிட்வைஃப் மிஸ் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தார். டிலானிக்கு எடை ஏறவில்லை, கண்ணுக்குள் வெளுப்பு. மிஸ்ஸுக்குச் சிங்களம் மட்டும். ரெஜினாவுக்கு அது ஓடாது. நடுவில் நான்தான். அந்த ஒன்றாவது எனக்கு மிஞ்சட்டும்.

மிஸ் போனதும் ரெஜினா ஆரம்பித்தாள். சிவப்புத் தோலில் துவர்ப்பாம், தேயிலையில் இருக்கிற மாதிரி. அது இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, முளையை உரசி எறிந்துவிட்டு அரைக்க வேண்டுமாம். பாதிதான் கேட்டேன்.

"அப்ப இத்தன வருசமா நான் குடுத்தது மண்ணா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா."

அந்த ஐயோதான் எரிச்சல்.

ஜூன் 17, செவ்வாய்

டிலானிக்காக விட்டுக்கொடுத்தேன், இப்போது ரெஜினா முறையில் கஞ்சி. துவர்ப்பே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது, சனியன். டிலானி என் மடியிலிருந்து இறங்கி அவளிடம் போனாள். "ரெஜினா மாமி, இன்னும்." பிளேன்டீ வாளி அலமாரிக்கு மேலே. வயிறெரிகிறது. எழுதினால் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள்.

ஜூலை 3, வியாழன்

வெயில். நிறுவை நாள். டிலானி ஏறிவிட்டாள். மிஸ் கஞ்சியை ருசித்துவிட்டு, "கவ்த மேக்க ஹதுவே?" யார் செய்தது என்கிறார். ரெஜினா என் வாயையே பார்த்து நின்றாள்.

"மம" என்றேன். நான். முளைகட்டியது, டீயை நிறுத்தியது, எல்லாம் நான்.

மிஸ் என் தோளைத் தட்டினார்.

"என்னையப் பத்தியாக்கா கேட்டாங்க?"

"ஆமா. நல்லா செய்யிறியாம்."

எவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. பார்க்க முடியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மிஸ் கோல் எடுத்தார். நாளைக்குத் தோட்டத்து மேல் டிவிஷன் தாய்மாருக்கு நான் செய்து காட்ட வேண்டும், அவரும் வருவார். எத்தனை நாள் முளைவிட? முளையை ஏன் எறிய வேண்டும்? எவளாவது கேட்பாள். வேறு வழியில்லை, ரெஜினாவிடமே கேட்டேன். எதற்கென்று கேட்காமல் பொறுமையாகச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். மிஸ் கூப்பிட்டிருப்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"நானும் வர்றேன்க்கா, ஒத்தாசைக்கு."

வேண்டாம் என்பதற்குள் லீவு கேட்கப் போய்விட்டாள். மேல் டிவிஷனில் எல்லோருக்கும் தமிழோடு சிங்களமும் தெரியும்.