பார்வையாளர்: ஒருவர்

மே 18, செவ்வாய்

ஊரடங்கில் நூலகம் பூட்டிக் கிடப்பதால் தினமும் மாலையில் கைபேசி நேரலையில் பிள்ளைகளுக்குக் கதை படிக்கிறேன். பார்ப்பது ஒரே ஒருவர். “ஒருத்தருக்காகவாம்மா? நிறுத்திடுங்க” என்று செங்கல்பட்டிலிருந்து அதிகாரி எரிந்து விழுந்தார்.

அந்த ஒருவர் குப்பத்தில் மீன் விற்கும் செல்வி. ஆத்திரத்தில் அவளைக் கைபேசியில் கூப்பிட்டு, வேறு யாருக்கும் அக்கறை இல்லையா என்று கேட்டேன்.

“இன்னாக்கா இப்டி கேக்கற? எங்க தெருவுல நல்ல போனு இது ஒண்ணுதான். அல்லா புள்ளைங்களும் எங்க வூட்லதான் குந்திகினு கேக்குதுங்க.”

கொரோனா நேரத்தில் அத்தனை பிள்ளைகளும் ஒரே அறையில்! இதை அதிகாரியிடம் எப்படிச் சொல்வேன்?

“முதல்ல எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு” என்று கத்தினேன்.

“அப்ப வூடு வூடா போனை எடுத்துகினு போறேன். வாசலுக்கு வாசல் நீ மறுபடி படிப்பியா?”

சரி என்றுவிட்டேன். இப்போதே தொண்டை எரிகிறது.