காரியஸ்தர் வீட்டுச் சாப்பாடு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை முழுக்கப் பனி. களத்தில் நெல் காயவே இல்லை. தலைவலி என்று சொல்லி, காலேஜில் பாடம் எடுக்கப் போகாமல் லீவு. பொய். மு. இன்று அப்பாவிடம் போனில் பேசுவதாகச் சொல்லியிருந்தான். (முகிலன் என்று முழுதாக எழுதக் கை கூசுகிறது. முப்பது வயதில் இதெல்லாம் தேவையா எனக்கு!)

பேசிவிட்டான்! "உங்க பொண்ணைக் கட்டிக்க ஆசைப்படறேங்க" என்று நேராக. அப்பா "யோசிச்சு சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய் நின்றார். வெகு நேரம். இருப்பதே ஒரு மாடு, அதில் பார்க்க என்ன இருக்கிறதோ.

பிப்ரவரி 4, புதன்

மன்னார்குடியிலிருந்து பெரியப்பா. வந்ததும் கத்தல்.

"மிராசுதார் வீட்டுப் பொண்ணு, காரியஸ்தன் மகனுக்கா? நம்ம பண்ணையில கைகட்டி நின்னவன்டா அவன் அப்பன்!"

பண்ணையாவது! நிலம் முக்கால்வாசி தாத்தா காலத்திலேயே கைமாறிவிட்டது. அன்று அதைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தரின் பையன் இன்று சீர்காழியில் மாட்டு டாக்டர். பெரியப்பா காதில் ஏறினால்தானே.

"தெப்பக்குளத்துக்கிட்ட ரெண்டு பேரும் வண்டியில போனதை ஊரே பாத்துருக்கு. மானம் கப்பலேறிடுச்சு."

கரும்பு ஜூஸ் குடித்தோம். அவ்வளவுதான். ஆனால் ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது!

அம்மா, என்னை முறைத்தபடி: "ஹெல்மெட்டையாவது மாட்டித் தொலைச்சிருக்கலாம்ல."

பிப்ரவரி 6, வெள்ளி

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, அப்பா மாத்திரை, சிவப்பு மை.

பெரியப்பா உத்தரவு வந்துவிட்டது. ஞாயிறு அப்பா சீர்காழி போய், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். "தண்ணி குடிச்சா போதும். கை நனைச்சுடாத." சம்பந்தம் பேசும் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் பக்கம் தாம்பூலம் மாற்றியதற்குச் சமம். அப்புறம் இல்லை என்றால் சொன்ன சொல் தவறிய குடும்பம் என்பார்கள்.

அப்பா தலையாட்டினார். அண்ணன் முன்னால் அது மட்டும்தான் வரும். என்னைப் பார்க்கவே இல்லை. கோபம் கோபமாக வருகிறது. இவர் போய் ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது. மு.வைத் தவிர வேறு யாரையும் நான் கட்டிக்கொள்ள மாட்டேன். சத்தியமாக மாட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நல்ல வெயில். அப்பா வெள்ளை வேட்டியில் கிளம்பிப் போனார். பேப்பர் திருத்த உட்கார்ந்து ஒரே விடைத்தாளுக்கு இரண்டு முறை மார்க் போட்டேன்.

மத்தியானம் மு. மெசேஜ்: "உங்க அப்பா சாப்பிடறாங்க."

என்ன???

"இலை போட்டு. இப்ப ரெண்டாவது தடவை ரசம்."

கத்தியே விட்டேன். அம்மா ஓடி வந்து, "என்னடி, பாம்பா?"

சாயங்காலம் பெரியப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அப்பா தூணில் சாய்ந்தபடி: "சுகர் இறங்கிடுச்சுண்ணே. கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. அந்தம்மா பதறிப்போய் இலையைப் போட்டுட்டாங்க."

"யாராவது பாத்தாங்களா?"

"அக்கம்பக்கத்துக்காரங்க வந்துதான் பரிமாறினாங்க."

பெரியப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கடைசியில், "கை நனைச்சாச்சு. இனிமே மாட்டோம்னா நம்ம வீட்டுப் பேச்சுக்கு என்னடா மதிப்பு? நாள் பாரு" என்றார்.

நாள் பாரு! நாள் பாரு! நாள் பாரு!

பிப்ரவரி 9, திங்கள்

தூங்கவில்லை. தூக்கம் தேவைப்படவும் இல்லை. மு. போனில் ஒரே சிரிப்பு. "உங்க அப்பாவுக்கு ஒண்ணுமே ஆகலையே! செருப்பைக் கழட்டும்போதே எங்கம்மாகிட்ட, 'சமையல் ஆயிடுச்சாம்மா'ன்னு கேட்டாங்க."

நேராகக் கொட்டகைக்குப் போனேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நேத்து நிஜமாவே சுகர் இறங்கிச்சா?"

சுற்றும் முற்றும் பார்த்தார்.

"சுகராவது ஒண்ணாவது. எங்கண்ணனை எதுத்து ஒரு வார்த்தை பேச இத்தனை வயசுக்கும் எனக்கு வரலைடி. சாப்பிட வரும்ல."