தோற்பதற்கும் ஒரு மீன் வேண்டும்

மழை முறை பிழையாது பெய்க. மேழி தேயாது உழுக. கோல் கோடாது நிற்க.

மேழிப்பாடி நாட்டை ஏராலும் ஏரியாலும் காத்து, எங்கள் பயிரையும் உயிரையும் ஒரே குடை நிழலில் வைத்திருக்கும் கோப்பெருவேள் நல்லரையர் திருவடிகளுக்கும், அருகமர்ந்து முறை கேட்கும் அவையோர்க்கும், அணைவாய்ப் பேரேரியின் கீழைக்கரையிலிருந்து, அரசர் அருளால் தூண்டில் நாயகம் என்னும் பட்டம் பெற்ற குன்றனூர்ச் சேந்தன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. அரண்மனையில் அனைவரும் நலமென்றே நம்புகிறேன். இங்கே நலமென்று எழுத எழுத்தாணி ஒப்பவில்லை. ஆகையால் நேரே செய்திக்கு வருகிறேன்.

அவையில் இளையோரும் இருப்பர் என்பதால் பழைய உடன்படிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஏரி நமக்கும் மேலைக்கரையில் இருக்கும் ஆம்பற்கூற்றத்தாருக்கும் பொது. நீர் குறைந்த ஆண்டுகளில் முதல் மடை யாருக்கு என்று வெட்டிக்கொண்டு மாண்டது போதுமென, இரு நாட்டு முன்னோரும் கூடி ஒரு வழி கண்டார்கள். கரைக்கு ஒருவராக ஒற்றைத் தூண்டிலோடு அமர்வது. எவர் இரையை முதல் மீன் வாயால் கவ்வி ஏறுகிறதோ அவர் நாட்டுக்கு முதல் மடை, மற்றவர்க்கு எஞ்சிய நீர். மீன் ஏறும்வரை மதகை எவரும் தொடலாகாது. இதை ஏரித் தெய்வத்தின் முன் நீர் வார்த்து உறுதி செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான். எந்த ஆண்டும் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். இவ்வாண்டோ பிறை கண்டு அமர்ந்தோம். நிலா முழுதாகித் தேயவும் தொடங்கிவிட்டது. இரு கரையிலும் ஒரு மீன் ஏறவில்லை. மதகு முத்திரையோடு கிடக்கிறது. கீழே நம் நாற்றங்கால்கள் மஞ்சளித்து நிற்கின்றன.

சேந்தனுக்குக் கை தளர்ந்துவிட்டது என்று அவையில் பேச்சு எழுந்ததாகக் கேள்விப்பட்டேன். தளர்ந்திருந்தால் நானே மகிழ்வேன். வேறு ஒருவரை அனுப்பினால் தீர்ந்துபோகும் அல்லவா. இது கையின் குற்றமன்று என்பதை விளக்க, என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

ஓடை மீனும் ஏரி மீனும் ஒரு சாதியல்ல. ஓடையில் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால், இரை எதிரே வந்து நொடியில் கடந்துவிடும். அதனால் ஓடை மீன் நீரை எதிர்த்து நின்றபடி, வந்ததைக் கவ்விவிட்டுப் பிறகுதான் என்னவென்று பார்க்கும். நாம் அதன் பின்புறமாகக் கீழிருந்து மேலேறி, நிழல் நீரில் விழாமல் வீசினால் போதும். ஏரி மீனுக்கு அவசரம் இல்லை. அது இரையைச் சுற்றி வரும், முகரும், வாலால் தட்டிப் பார்க்கும், போய்விட்டுத் திரும்பியும் வரும். ஆகையால் ஏரியில் தூண்டில்காரனுக்குத் துணை இரண்டே. ஒன்று காற்று; அது எந்தக் கரையில் நுரையையும் பூச்சியையும் ஒதுக்குகிறதோ அங்கேதான் கெண்டை மேயும். மற்றொன்று மீனின் பசி. காற்றில்லாவிட்டால் கோலை நீட்டிச் சமாளிக்கலாம். பசியில்லாவிட்டால் தேவலோகத்துப் புழுவைக் கோத்தாலும் தக்கை அசையாது.

இந்த ஏரியில் இப்போது பசித்த மீன் ஒன்றுகூட இல்லை. காரணம் நம் மக்கள். நாம் வெல்ல வேண்டும் என்ற ஆசையால், ஊர்தோறும் நேர்ந்துகொண்டு, கூடை கூடையாகப் பொரியைக் கொண்டுவந்து ஏரியில் சொரிகிறார்கள். அக்கரையார் அதைக் கண்டு அவலும் வெல்லமும் பிசைந்து போடுகிறார்கள். மீன்கள் இரு கரைக்கும் இடையே விருந்துக்குப் போய்வரும் சம்பந்திகளைப் போல உலவுகின்றன. கெளுத்திகளுக்குத் தொந்தி விழுந்திருப்பதை என் வாழ்நாளில் இப்போதுதான் காண்கிறேன்.

நிறுத்துங்கள் என்று நான் சொல்லாமல் இல்லை. கரையோரத்துக் குடித்தலைவர் பூவனாரை அழைத்து, வயிறு நிறைந்த மீன் தூண்டிலைத் தொடாது என்று பொறுமையாக விளக்கினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "பட்டினி போட்ட மீனு நமக்கு எதுக்குய்யா நல்லது செய்யும்? வயிறு குளுந்தாத்தானே வாக்குக் குடுக்கும்" என்றார். அவருடைய மனைவி அத்தோடு விடவில்லை. "அவன் வெல்லம் போடறான், நாம வெறும் பொரி போடறோம். மீனு எந்தப் பக்கம் போவுமுன்னு நாயகருக்குத் தெரியாதா? இல்ல, அந்தக் கரையிலேர்ந்து நாயகருக்கும் வெல்லம் வருதா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் நம் பக்கத்துப் பொரியிலும் வெல்லம் கலந்திருந்தது.

இதுவரை சொன்னது பொறுக்கத்தக்கது. இனிச் சொல்வதை அரசர் மனம் வைத்துக் கேட்க வேண்டும். நேற்று நீரில் மிதந்த பொரியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஊருக்கு ஊர் விதைக்கென்று குதிரில் தனியே காத்து வைக்கும் செந்நெல்லின் பொரி அது. சாப்பாட்டு நெல் தீர்ந்து, விதைநெல்லை வறுக்கத் தொடங்கிவிட்டார்கள். நாற்று கருகினால் மறுபடி விதைத்துக்கொள்ளலாம் என்ற கடைசி நம்பிக்கையும் இப்படி மீன் வயிற்றுக்குப் போகிறது. பூவனாரிடம் கேட்டதற்கு, "தண்ணி வந்தா எல்லாம் வரும். தண்ணியே வரலேன்னா வெதய வச்சு என்ன பண்ண?" என்றார்.

ஆகவே நான் ஒன்று செய்தேன், அதை மறைக்கவில்லை. இரண்டாம் மடை நீராவது வந்தால் நம் நாற்றில் பாதி பிழைக்கும், வராவிட்டால் ஒன்றும் பிழைக்காது என்று கணக்கிட்டு, அக்கரையாரே வெல்லட்டும் என்று இரை கோக்காமல் வெறும் தூண்டில் முள்ளை நீரில் இட்டு அமர்ந்தேன். இதற்குத் தண்டனை உண்டென்றால் ஏற்கிறேன். ஆனால் அதனாலும் பயன் விளையவில்லை.

மதகின் முத்திரையை நாள்தோறும் இரு தரப்பும் சேர்ந்து பார்ப்பது முறை. அங்கே ஆம்பற்கூற்றத்துத் தூண்டிலாரான கொற்றியைக் காண்பேன். அவர் விரால் பிடிப்பதில் என்னிலும் வல்லவர்; தவளையை நீர்மேல் தத்தவிட்டு விராலைக் கோபப்படுத்துவதில் அவருக்கு நிகர் எந்த நாட்டிலும் இல்லை. அவர் என் தூண்டிலைக் கையில் வாங்கிப் பார்த்து, "என்ன நாயகரே, முள்ளு இப்பத்தான் கொல்லன் பட்டறையிலேர்ந்து வந்த மாதிரி இருக்கு. புழுவோட வாடையே இல்லையே" என்றார். அவர் தம் தூண்டிலை நீட்டினார். அதன் முள்ளும் அப்படியே பளபளத்தது. "எங்க நாத்தும் காயுது. நீங்களாச்சும் செயிச்சுத் தொலைப்பீங்கன்னுதான் நானும் சும்மா ஒக்காந்திருந்தேன்" என்றார். அவர் முதலில் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன்.

பின்பு கலந்து பேசி, அவர் இரை கோப்பது, நான் ஒதுங்குவது என்று முடிவு செய்தோம். புழு, சோற்றுருண்டை, தவளை, வெட்டுக்கிளி என்று தமக்குத் தெரிந்த அனைத்தையும் அவர் இட்டுப் பார்த்தார். காற்று வாகான இடத்தையும் நான் காட்டிக் கொடுத்தேன். மீன்கள் வந்தன, முகர்ந்தன, போயின. வெல்வதற்கு மீன் வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. தோற்பதற்கும் ஒரு மீன் வேண்டும் என்பதை இவ்வாண்டுதான் நான் அறிந்தேன்.

கையால் அள்ளி முள்ளில் மாட்டிவிட்டால் என்ன என்று அவையில் யாரேனும் கேட்கக்கூடும். அள்ளலாம், அவை ஓடக்கூட முடியாமல் கொழுத்திருக்கின்றன. ஆனால் இரு கரையிலும் சாட்சிக்கெனச் சான்றோர் கண் இமைக்காமல் அமர்ந்திருக்கிறார்கள். பொய்மீனால் திறந்த மதகு என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால், அடுத்த முறை தூண்டிலுக்குப் பதில் வாளோடுதான் கரைக்கு வருவார்கள்.

வழி ஒன்றே. சில பகல் ஏரியில் எதுவும் விழாதிருந்தால் போதும். மீனுக்குப் பசி வரும், யாருக்கோ ஒருவருக்கு மீன் ஏறும், மதகு திறக்கும். கொற்றியும் தம் அரசருக்கு இவ்வாறே எழுதியிருக்கிறார். ஆனால், "நீங்க நிறுத்துனாத்தான் நாங்க நிறுத்துவோம். முதல்ல நாங்க நிறுத்துனா, தோத்ததுக்கு அதுதான் காரணமுன்னு ஊரே என்னை மென்னு துப்பிடும்" என்கிறார். அவர் சொல்வதும் முறைதான்.

நம் பக்கத்தில் நிறுத்த முடியாமைக்குக் காரணத்தை எழுதக் கை கூசுகிறது, எழுதாமல் முடியாது. பட்டத்தரசியார் நேர்ந்துகொண்ட பொரிவண்டி, மேழி முத்திரையிட்ட மூட்டைகளோடு, காலைதோறும் கரைக்கு வருகிறது. ஊர்க் கூடைகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு வண்டிக்கு ஈடாகா. நான் யாரைத் தடுத்தாலும், "அரமனையே போடுது, நாங்க போட்டா குத்தமா?" என்று அந்த வண்டியைக் காட்டுகிறார்கள். அரச முத்திரையை மறிக்கும் உரிமை தூண்டில் நாயகத்துக்கு இல்லை.

ஆதலால் அரசர் திருவுளம் இரங்கி, பொரிவண்டியை நிறுத்துமாறு அரசியாரிடம் எடுத்துரைத்து, ஏரியில் ஒரு பருக்கையும் விழலாகாது என்று மேழி முத்திரையோடு ஆணை விடுத்தருள வேண்டும். நாற்று இன்னும் முழுதும் சாகவில்லை. வேர் பச்சையாகத்தான் இருக்கிறது. அருகில் போய்ப் பிடுங்கிப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

இங்ஙனம் ஏரி நீரைத் தொட்டுச் சொன்னது பொய்யாகாது. தக்கை பொறித்த என் மோதிரத்தை மெழுகில் அழுத்தினேன். என் பட்டத்துக்கு உட்பட்ட ஆணையையும் இட்டேன்: பொரிவண்டி ஓட்டிவரும் வண்ணக்கர் என்பவர் இவ்வோலையை வழியில் எங்கும் தங்காது கொண்டு சேர்க்கக் கடவர், மூட்டைகளை அவிழ்க்காமல் அப்படியே திருப்பிக்கொண்டு போகவும் கடவர்.

முதல் ஆணையை அவர் தலைமேல் ஏற்றுக்கொண்டார். இரண்டாவதற்கு, முத்திரையோடு வந்ததை முத்திரை இல்லாமல் எப்படித் திருப்புவது என்று வணக்கத்தோடு கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. நான் இவ்வரியைக் கீறும்போதே மூட்டைகள் அவிழ்ந்துவிட்டன. நீர் வெள்ளையாகி, மீன்கள் வந்துகொண்டிருக்கின்றன.