அமாவாசையில் நூற்றிருபது பேர்

ஜூன் 28, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். வேட்டி காயவில்லை. இருக்கிற இன்னொன்றும் காயவில்லை. ஈரத்தோடே இலத்தூர் போய் வந்தேன்.

வெள்ளிக்கிழமை குற்றாலத்தில் விவசாயிகள் மாநாடு, கூடவே பொருட்காட்சி. தென்காசி ஸ்டேஷனில் காலை ரயிலில் இறங்கும் 120 பிரதிநிதிகளைப் பந்தலில் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு. மூன்றரை மைல். யுத்தத்தில் பெட்ரோல் இல்லை, பஸ் ஓடவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவனிடம் இப்போது விசில் மட்டும் பாக்கி.

திட்டம்:
மாட்டு வண்டி: இலத்தூர் 18, ஆய்க்குடி 12. ஆக 30. வண்டிக்கு நாலு பேர்.
கரி பஸ் 1 (பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரிப் புகையில் ஓடுவது): கலப்பை, விதை மூட்டை, பரிசுப் பலாப்பழம். ஆள் ஏறக்கூடாது.

மாநாட்டுத் தலைவர் வடகரைப் பண்ணையார். தேதி குறித்ததும் அவரே. "ஒரு ஆளு நடந்து வந்தாம்னு எங் காதுல விழப்படாது. ஒழுங்கா முடிச்சிரும், நம்ம அரிசி மில்லுல ஏஜெண்டு வேல உமக்குத்தான்" என்றார்.

அது இல்லையென்றால் பம்பாய். மச்சினன் அங்கே மில்லில் இருக்கிறான், எப்போது வேண்டுமானாலும் வா என்று எழுதியிருக்கிறான். நான் அங்கே, இவளும் மூன்று பிள்ளைகளும் இங்கே. பதில் எழுதவில்லை.

ஜூன் 30, புதன்

வண்டிகளை ஒருமுறை எண்ணிவிடலாம் என்று இலத்தூர் போனேன். வண்டிக்காரர்களுக்குப் பெரியவர் மாடசாமி அண்ணாச்சி, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டே சொன்னார்:

"வண்டி இந்தா நிக்கி, எண்ணிக்கிடும். மாடு வராது வே. வெள்ளிக்கிழமை அமாவாசைல்லா."

அமாவாசையன்று உழுது பிழைக்கிற எந்தச் சம்சாரி மாட்டின் கழுத்தில் நுகத்தடி வைப்பான்? மாசத்தில் அதற்கு அந்த ஒரு நாள்தான் லீவு. என் அப்பாவும் வைத்ததில்லை. எட்டு வருஷம் பஸ்ஸுக்கு நேரம் பார்த்ததில் எனக்கு மறந்தே போயிற்று.

"வெத்தல பாக்கு வாங்கும்போது சொல்லாண்டாமா அண்ணாச்சி?"

"நீரு ரெண்டாந் தேதின்னீரு. அந்தத் தேதியெல்லாம் எனக்கு என்ன தெரியும்? வெள்ளிக்கிழமைன்னீரு. மாசத்துல எத்தன வெள்ளி வருது! இன்னைக்குக் காலையிலதான் கணக்குப் பாத்தோம்."

"ஒரே ஒரு நடை..."

"என்னப் பூட்டி இழுக்கச் சொல்லும், வாரேன். மாட்டக் கேக்காதேயும்."

ஆய்க்குடியிலும் அதே பதில், இன்னும் சுருக்கமாக.

கோவிலுக்குப் போய்க் குருக்களிடம் அமாவாசை எப்போது விடும் என்று கேட்டேன். வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்காம். ரயிலை ஆறு மணிக்கு வரச் சொல்ல எனக்குச் செல்வாக்குப் போதாது.

பண்ணையாரிடம் சொல்லவில்லை. உங்களுக்கும் மறந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்ல?

ஜூலை 1, வியாழன்

யோசித்தவை:
சைக்கிள்: மூன்று கிடைக்கும்.
எருமை: அதற்கும் அமாவாசை உண்டாம். கேட்டேன், திட்டு வாங்கினேன்.
கழுதை: ஏழு. பிரதிநிதிகளைக் கழுதைமேல் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோனால் அர்த்தமே வேறு.

சாப்பிட உட்கார்ந்தேன். அடுக்களையில் பெரியவள் காந்திமதி குரல்: "அப்பா பம்பாய்க்குப் போயிருவாவளாம்மா?" "சும்மா கெட ஏட்டி."

மூன்று மணிக்கு மரக்கடை ராவுத்தர் காலில் விழாத குறை. மலையிலிருந்து தடி இறக்கும் வண்டிகள் பதினாறு வைத்திருக்கிறார். "எனக்கென்ன அமாவாசை? எடுத்துட்டுப் போம். மத்தியானம் தொழுகைக்குள்ள வண்டிக்காரப் பயலுவ வந்துரணும், அம்புட்டுதான்." கண் கலங்கிவிட்டது. மரத்தூள் என்று சொன்னேன்.

16 × 8 = 128. எட்டு இடம் மிச்சம்!

ஜூலை 2, வெள்ளி

ரயில் நேரத்துக்கு வந்தது. ஸ்டேஷன் வாசலில் பதினாறு வண்டி, வரிசை பிசகாமல், கொம்புக்கெல்லாம் ரிப்பன். விசில் ஊதினேன். ஒருவரும் ஏறவில்லை.

முன்னால் நின்றவர் திருவேங்கடத்துக் கரிசல்காட்டுப் பெரியவர். பெரிய தலைப்பாகை.

"யாரு வே இந்த ஏற்பாடு?"

"நாந்தான்."

"அமாவாசையும் அதுவுமா மாட்டப் பூட்டி நிறுத்தியிருக்கீரே, வெள்ளாம செய்யுத வீட்டுல பொறந்தவரா நீரு?"

"பொறந்தது அங்கனதான் அண்ணாச்சி. பெறவு பஸ்ஸுல சேந்துட்டேன்."

ஒருவர் சிரித்தார். மற்ற 119 பேர் சிரிக்கவில்லை.

"மாட்டுக்கு ஒழிவுன்னா நமக்கும் ஒழிவு. அதப் பாத்துல்லா தலைவர் நாளு வச்சிருக்காரு! அந்த மனசு ஒமக்கு இல்லையே வே. நடங்கப்பா."

நடந்தார்கள். சாரலில், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, அத்தனை பேரும். பின்னால் பதினாறு காலி வண்டி. அதற்கும் பின்னால் நான். பந்தல் வாசலில் பண்ணையார் மாலையோடு நின்றார். எங்களைப் பார்த்ததும் நாதசுரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மேடையில் பண்ணையார்: "உங்களுக்கு ஒழிவு நாளாப் பாத்துத்தான் வச்சேன்." அருவிச் சத்தத்தை மீறிக் கைதட்டல். நானும் தட்டினேன்.

ஆள் வரத் தாமதமானதில் பரிசுப் பலாப்பழத்தைக் குரங்குகள் முடித்துவிட்டன. அதுவும் என் தலையில்.

ஜூலை 3, சனி

பண்ணையார் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"அமாவாச தெரியாத ஆள நெல்லு வாங்க அனுப்புனா, எந்தச் சம்சாரி வே மூட்டைய அவுப்பான்?"

நியாயம்தான். 'தேதி நீங்கதானே...' தொண்டை வரை வந்தது. அது வருவது அவருக்கும் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மச்சினனுக்குப் பதில் போட்டாயிற்று. இரண்டு வரி. அவள் எள்ளு வறுக்க ஆரம்பித்துவிட்டாள், வழிக்குப் பொடி இடிக்க.

ஜூலை 5, திங்கள்

வெயில். நாளைக்குப் பயணம். பிள்ளைகள் மூன்றும் ஸ்டேஷன் வரை வருவோம் என்று ஒரே பிடி.

டிரங்குப் பெட்டி 1. எள்ளுப்பொடி டப்பா 1. வண்டி வேண்டாம், நடை.

போக ஐந்து பேர். சின்னவன் என் தோளில்.
திரும்ப நாலு பேர். சின்னவனைத் தூக்க யாராவது வேண்டும்.