சிவப்பைத் திறந்தால் சில்லென்று வரும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதறேன். இங்கே நான் சௌக்கியம், உங்கப்பா முதுகு கொஞ்சம் சிவந்து போனதைத் தவிர அவரும் சௌக்கியம், வீட்டுல மாட்டியிருக்கிற புதுக் குழாய்கள் எல்லாம் பரம சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்னிக்கே சமாதானமாகி, நல்லபடியா இருக்கணும். முதுகு ஏன் சிவந்ததுன்னு பதறாதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கேன். போன்ல சொல்லலாம்னா, நான் போனைக் கையில எடுத்தாலே உங்கப்பா பக்கத்தில வந்து உட்கார்ந்து காதைத் தீட்டி வச்சுக்கிறார். இப்ப பல் டாக்டர்கிட்ட போயிருக்கார். அவர் வர்றதுக்குள்ள எழுதி முடிச்சிடணும்.

நீங்க அடுத்த மாசம் வரப்போறீங்கன்னு சொன்ன அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன், இந்த வீட்டுக் குழாய் அத்தனையையும் மாத்தியே தீரணும்னு. ஏன்னு உனக்கே தெரியும். போன தடவை வந்தப்ப மாப்பிள்ளை குளிக்கப் போனார், உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது, உங்கப்பா பாத்ரூம் கதவுகிட்ட ஓடிப் போய், சிவப்பைத் திறங்க மாப்பிள்ளை, சிவப்புதான் சில்லுன்னு வரும், நீலம் கொதிக்கும்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். பாவம் அந்தப் பிள்ளை, முகம் பூரா சோப்பு, சிவப்பு எங்கே நீலம் எங்கேன்னு தேடுவாரா, உயிரைக் காப்பாத்திக்குவாரா? துண்டைக் கட்டிக்கிட்டு வெளியே வந்து, பரவாயில்லை மாமா, நல்லா இருந்ததுன்னார். நல்லா இருந்ததாம்! அன்னிக்குச் சாயந்திரமே இங்கே நெட் சரியா வரலை, ஆபீஸ் வேலை இருக்குன்னு சொல்லி ஹோட்டல்ல ரூம் போட்டுக்கிட்டுப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. உங்களுக்காக விரிச்ச புதுப் போர்வையை நான் மறுபடி மடிச்சு வச்சேன். பெத்த பொண்ணு ஊருக்கு வந்தும் ஹோட்டல்ல படுக்கிறாளேன்னு எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்தது தெரியுமா? உங்கப்பா அந்த நெட் கதையை அப்படியே நம்பிட்டார். நீங்க கிளம்பின மறுநாளே நாலு கொம்பு வச்ச ஒரு பெட்டியை வாங்கிட்டு வந்து கூடத்துச் சுவத்தில மாட்டினார். இப்ப நெட் பறக்குது. அதுல அவர் நாளைக்கு மழை வருமான்னு பார்க்கிறார், அவ்வளவுதான்.

குழாயை மாத்தணும்னு சொன்னதும் மனுஷன் சிலுப்பிக்கிட்டார். தண்ணி வருதில்ல, அப்புறம் என்ன குறைங்கிறார். தண்ணி வர்றது குறைன்னு யாரு சொன்னா, வந்தா நிக்க மாட்டேங்குது, நின்னா வர மாட்டேங்குது, அதுதான் குறைன்னு நான் சொன்னேன். உனக்கு மறந்திருக்காது, சமையலறைக் குழாயைக் கரண்டியால கழுத்தில ரெண்டு தட்டு தட்டினாத்தான் திறக்கும். வாஷ் பேசின் குழாய்க்குக் கைப்பிடியே இல்லை, பக்கத்தில ஆணியில கயிறு கட்டித் தொங்குற பிளையரால திருகணும். வர்ற விருந்தாளிக்குத் துண்டு, சோப்பு, அதோட ஒரு பிளையரும் எடுத்துக் கொடுக்கிற வீடு உலகத்திலேயே நம்ம வீடாத்தான் இருக்கும். இதெல்லாம் பழகினா சுலபம்ங்கிறார் உங்கப்பா. குளிக்கிறதுக்கு எதுக்குப் பழகணும்?

ஒருவழியா இழுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். அங்கே சுவர் பூரா பளபளன்னு குழாயா மாட்டி வச்சிருக்கான். உங்கப்பா ஒண்ணு விடாம எல்லாத்தையும் திருகிப் பார்க்கிறார், திருகிட்டுக் காதை வேற வச்சுக் கேட்கிறார். தண்ணி கனெக்ஷனே இல்லாத குழாயில என்னத்தைக் கேட்கிறாரோ! கடைக்காரப் பொண்ணு சிரிப்பை அடக்கிக்கிட்டு, இது மேல தூக்கித் திறக்கிறது சார்னு ஒண்ணைக் காட்டினா. தூக்கித் திறக்க இது என்ன டப்பா மூடியான்னு கேட்டுட்டார். கடைசியில சமையலறைக்கு நீளக் கழுத்து வச்சது ஒண்ணு, பேசினுக்கு ஒண்ணு, குளிக்கிற இடத்துக்குச் சிவப்பு நீலம் ரெண்டு கைப்பிடி வச்சது ஒண்ணு வாங்கினோம். கைப்பிடியிலேயே கலர் ஊறியிருக்கு, தேய்ச்சாலும் போகாது.

அப்புறம் பிளம்பர். அவருக்கு நான் 'இதோ வந்துட்டேன்'னே பேர் வச்சிருக்கேன். எப்ப போன் பண்ணினாலும் இதோ வந்துட்டேன்மாம்பார், ஆள் வந்து சேர வாரம் ஆகும். வந்தவர் மெயின் வால்வை மூடிட்டு, குளிக்கிற இடத்துப் பழைய குழாயைக் கழட்டி, சுவத்துக்குள்ள எட்டிப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டார். சுடுதண்ணி பைப்பும் பச்சைத் தண்ணி பைப்பும் பக்கம் மாறி இருக்கே, யாரு சார் இதை மாட்டின அறிவாளின்னு கேட்டார். வேற யாரு? நாம இந்த வீட்டுக்குக் குடிவந்த புதுசில, பிளம்பர் எதுக்கு நானே பண்றேன்னு சட்டையைக் கழட்டிட்டு இறங்கினாரே உங்கப்பாதான். அவர் முகத்தில ஒரு சலனம் இருக்கணுமே, ஊஹூம். எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க வேலைப்பான்னு கூசாம சொல்லிட்டார். அங்கேயே நின்னா என் சிரிப்பு காட்டிக் கொடுத்துடும்னு நான் சமையலறைக்கு ஓடி வந்துட்டேன்.

அப்பதான் எனக்கு நீ ஹாஸ்டலுக்குப் போன கதை ஞாபகம் வந்தது. போன முதல் நாளே வார்டன்கிட்ட போய், உங்க குழாய் எல்லாம் தப்பா மாட்டியிருக்கு, சிவப்பில சுடுதண்ணி வருதுன்னு புகார் கொடுத்தியே! அந்தம்மா எனக்குப் போன் பண்ணி, உங்க பொண்ணு நல்லாத்தானே இருக்கான்னு கேட்டாங்க. நானும் விட்டுக் கொடுக்காம, எங்க பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன். ஊர் உலகமெல்லாம் ஒழுங்கா இருந்திருக்கு, நம்ம ஒரு வீடுதான் தலைகீழா குளிச்சிருக்கு. அந்த வார்டன் இப்ப எங்கே இருக்காங்களோ, நல்லா இருக்கட்டும்.

பிளம்பர் எல்லாத்தையும் சரியா மாத்தி மாட்டிட்டுப் போனார். இப்ப இடது பக்கம் சிவப்பு, அதுல சுடுதண்ணி. வலது பக்கம் நீலம், பச்சைத் தண்ணி. மறுநாள் காலையில உங்கப்பா குளிக்கப் போனார். கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில சில்லுன்னு வரும்னு சிவப்பை முழுசாத் திறந்திருக்கார். அவர் போட்ட சத்தத்தில மாடி வீட்டு அக்கா ஓடி வந்து திருடனான்னு கேட்டாங்க. இல்லைக்கா குளிக்கிறார்னு சொன்னேன். மறுநாளாவது உஷாரா இருந்தாரா? அன்னிக்கும் அதே கை, அதே சிவப்பு, அதே கூச்சல், இந்தத் தடவை அக்கா இறங்கி வரக்கூட இல்லை. முதுகில மருந்து தடவ உட்கார்ந்தவர், குழாயைத் தப்பா மாட்டிட்டுப் போயிட்டான், பழையபடியே மாத்தச் சொல்றேன்னு பிளம்பருக்குப் போனைப் போட்டார். அவரும் இதோ வந்துட்டேன்னார்.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை பாடுபட்டு மாத்தினதை மறுபடியும் தலைகீழாக்கினா, வர்ற பிள்ளை மறுபடி அலறிக்கிட்டு ஓடுவாரே! வாயை அடக்க முடியலை. மாப்பிள்ளை நெட்டுக்காக ஒண்ணும் ஹோட்டலுக்குப் போகலை, உங்க குழாய்க்குப் பயந்துதான் போனார்னு போட்டு உடைச்சிட்டேன். சொன்ன பிறகுதான் ஏன்டா சொன்னோம்னு இருந்தது. மனுஷன் முகம் விழுந்து போச்சு. சுவத்தில இருக்கிற அந்த நாலு கொம்புப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவளுக்கும் தெரியுமான்னு கேட்டார். தெரியும்னேன். காபியைப் பாதியிலேயே வச்சிட்டு எழுந்து வாசல் பக்கம் போயிட்டார். திட்டியிருந்தாக்கூட தேவலை.

ரெண்டு நாள் கழிச்சு துவைச்ச துணியை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போறேன், பாத்ரூம் கதவு ஒருக்களிச்சுத் திறந்திருக்கு, உள்ளே தண்ணிச் சத்தமே இல்லை, ஆனா முணுமுணுன்னு பேச்சுக் குரல் மட்டும் கேட்குது. எட்டிப் பார்த்தா, உங்கப்பா பேண்ட் சட்டை எல்லாம் போட்டுக்கிட்டு, ஷவருக்குக் கீழே கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நிக்கிறார். வலது கை நீலம், வலது கை நீலம்னு சொல்லிச் சொல்லி கையை நீட்டிக் குழாயைத் தொடறார், திறக்கலை, தொடறார் அவ்வளவுதான். கை தப்பா இடது பக்கம் போனா இன்னொரு கையால அதை ஒரு அடி அடிக்கிறார். முகத்தில சோப்பு இருக்கும்போது கண்ணைத் திறக்க முடியாதில்லையா, அதுக்காகத்தான் கண்ணை மூடிப் பழகறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்தது, அதோட அழுகையும் வந்தது. சத்தம் போடாம திரும்பி வந்துட்டேன். பார்த்துட்டேன்னு தெரிஞ்சா வீறாப்பில விட்டுடுவார். தினமும் காலையில காபிக்கு முன்னாடி இது நடக்குது, நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி ரேடியோவைச் சத்தமா வச்சிடறேன்.

நேத்துதான் நம்ம இதோ வந்துட்டேன் பையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னார், குழாயைப் பழையபடி மாத்திடலாமா சார்னு. உங்கப்பா வாசல்லயே மறிச்சிக்கிட்டு, எதுக்கு மாத்தணும், எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கே, அதைத் தொடாதேன்னு சொல்லிட்டார். வீட்டுக்குப் பிள்ளைங்க வர்றாங்கன்னு வேற சொன்னார். பாவம் அந்த ஆள், ஒண்ணும் புரியாம காபி குடிச்சிட்டுப் போனார்.

என்னைப் பத்தியும் சொல்லிடறேன், அப்புறம் அப்பாவை மட்டும் கேலி பண்றேன்னு சொல்லுவே. புதுச் சமையலறைக் குழாயையும் நான் திறக்கிறதுக்கு முன்னாடி கரண்டியால ரெண்டு தட்டு தட்டிக்கிட்டுதான் இருக்கேன், கை கேட்கமாட்டேங்குது. கழுத்தில சின்னதா ஒரு பள்ளம் விழுந்துடுச்சு. உங்கப்பா அதைப் பார்த்துட்டு கடைக்காரன் பழசைத் தலையில கட்டிட்டான்னு சண்டைக்குப் போகக் கிளம்பறார், நான் பிடிச்சு வச்சிருக்கேன். இதை அவர்கிட்ட மூச்சு விடாதே.

நீயும் வந்ததும் உஷாரா இருக்கணும், உன் கையும் இந்த வீட்டுல வளர்ந்த கைதான். மாப்பிள்ளைகிட்ட நம்பிக் குளிக்கலாம்னு சொல்லு. வரும்போது கம்பளி எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு வராதே, இங்கே நிறைய இருக்கு. ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம, மனசு நிறைய சந்தோஷத்தோட நூறு வயசு வாழணும். ஹோட்டல்ல ரூம் மட்டும் போட்டுடாதே, போர்வையை மறுபடி விரிச்சு வச்சிட்டேன்.

என்னிக்கும் உன் நினைப்பாவே இருக்கிற,
அம்மா

பின்குறிப்பு: அப்பா வந்துட்டார். கன்னம் வீங்கியிருக்கு, பேசக் கூடாதாம், ஆனாலும் கடிதம் யாருக்குன்னு கேட்டுட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துட்டார். அவர் உனக்குச் சொல்லச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். பழைய குழாயைப் பக்கம் மாத்தி மாட்டினது முன்னாடி இருந்தவங்கன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லணுமாம். சொல்லிடு கண்ணு. ஹோட்டல்ல வச்சுச் சொல்லாதே, நம்ம வீட்டுக் கூடத்தில, அப்பா காதில விழற மாதிரி சொல்லு.