ஜெயா, உன் சூரிய நோட்டைத் திருத்திவிட்டார்கள்

என் ஜெயாவே, முரண்டுக்காரியே, செல்லமே,

உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் போகிற வழியில், ஆள் உயரத்துக்கு மேல். உன் தலைக்குப் பின்னால் ஒரு சூரியன், அதைச் சுற்றி மஞ்சள் கதிர்கள், அடியில் 'சூரிய தேவதைக்கு அஞ்சலி' என்று மலையாளத்தில். ஆதார் அட்டையிலிருந்து எடுத்த படமாம். அந்த உர்ரென்ற முகத்துக்கு உதட்டுச் சாயம் வேறு பூசி வைத்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் அதைப் பார்க்காமலிருக்கப் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் ஆபீசுக்குப் படகு பிடித்திருப்பாய்.

வைத்தது யார் தெரியுமா? வானியல் மன்றம். சிரிக்காதே. நீ இருந்த காலத்தில் அவர்களில் ஒருத்தராவது நம் மொட்டைமாடிப் படி ஏறியதுண்டா? ஒரே ஒருமுறை செயலாளர் சுகுமாரன் வந்தார். நம் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு, "இது கப்பல்காரன் தூக்கிப்போட்ட சாதனமில்லியா சேச்சி?" என்று கேட்டார். ஆமாம், பழைய கப்பல் சாமான் கடையில்தான் வாங்கினோம். அதற்கென்ன இப்போது? அவருடைய மன்றத்துக்காரர்கள் லட்ச ரூபாய்க் குழாயைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார்கள். அங்கே போய் நட்சத்திரத்தைப் பார்ப்பார்களா? குழாயோடு நின்று செல்ஃபி எடுப்பார்கள், பரோட்டா தின்பார்கள், வந்து குரூப்பில் போடுவார்கள். கண் இருந்தும் வானத்தை ஃபோனில் பார்க்கிற ஜென்மங்கள்.

நமக்கு நட்சத்திரத்தை விட்டுச் சூரியனுக்கு வரவேண்டிய நிலைமை எப்படி வந்தது என்று அவர்களில் யாருக்காவது தெரியுமா? வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்க விளக்கு போட்டார்கள், வடக்கு வானம் வெள்ளையடித்த சுவர் ஆனது. நான் ஒப்பாரி வைத்தேன். நீ மட்டும் சாயாவை ஆற்றிக்கொண்டே, "விளக்கு போட்டு மறைக்க முடியாத நட்சத்திரம் ஒண்ணு இருக்கில்ல இத்தா, அதைப் பாப்போம்" என்றாய். மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் சாக்குக் கடை மாடியில் வந்து நின்றாய்.

அன்றிலிருந்து பதினான்கு வருஷம். குழாயில் கண்ணை வைக்காமல், சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து, அதில் தெரிகிற கரும்புள்ளிகளை எண்ணினோம். எத்தனை கூட்டம், மொத்தம் எத்தனை புள்ளி. முதலில் நீ எண்ணி உன் சீட்டில் எழுதுவாய், அதுவரை நான் கடல்பக்கம் திரும்பி நிற்கவேண்டும். பிறகு நான், நீ திரும்பிக்கொள்வாய். அப்புறம்தான் சீட்டைப் பிரிப்போம். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுவாய். "ரெண்டையும் கூட்டிப் பாதி போட்டா என்னடீ?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "அந்தப் பாதியை யாரு கண்டது? நீங்க கண்டீங்களா, நான் கண்டேனா?" என்று என்மேல் பாய்ந்தாய்.

அக்கம்பக்கத்தில் நாம் வடாம் காயப்போடுகிறோம் என்று நினைத்தவர்களும் உண்டு. ஒரு வகையில் அவர்கள் இந்த மன்றத்தைவிட மேல், வடாம் எங்கே என்றாவது கேட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் நோட்டுகளைப் புத்தகமாகப் போடுகிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை விழா. உன் மகள் வித்யா பாவம், அம்மாவுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நம்பி பதினான்கு நோட்டையும் சுகுமாரனிடம் கொடுத்துவிட்டாள். தமிழில் எழுதியிருப்பதால் ஒருமுறை பார்த்துக்கொடுங்கள் என்று அச்சுப்படியை அவர் எனக்கு அனுப்பினார். பெரிய மனசு.

அட்டையிலேயே எழுதியிருக்கிறது: 'ஒரு நாளும் தவறாமல் பதினான்கு ஆண்டுகள்'. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாளும் தவறாமலா? கொச்சியிலா? ஜூன் மாதத்தில் இந்த ஊரில் சூரியனைப் பார்த்தவன் யார்? உள்ளே புரட்டினால் சிரிப்பு போய்விட்டது. மழைக்கால மாதங்களில் நீ வரிசையாக 'மேகம், மேகம், மேகம்' என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் எண் போட்டிருக்கிறார்கள். மூன்று கூட்டம், பதினாறு புள்ளி. இரண்டு கூட்டம், ஒன்பது புள்ளி. உன் பெயரில்!

அதுமட்டுமா? நமக்கு ஒருநாள் சூரியன் நடுவில் முரட்டுப் புள்ளி ஒன்று கிடைத்ததே, நினைவிருக்கிறதா? நான் கீழே ஓடிப்போய்க் கடைக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ குழாயின் கண்ணாடியை மெல்லத் திருகினாய், புள்ளியும் கூடவே திரும்பியது. என் கடைச் சாக்கிலிருந்து பறந்த சணல் நார். மாடி நிறைய ஆட்கள் நிற்க, உன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். ஆனால் அதையும் நோட்டில் எழுதினாய்: 'காலையில் கண்டது சணல் நார். சூரியனில் இல்லை.' அந்த வரியைக் காணோம். தேவதைக்கு நார் ஆகாதாம்.

நேரே மன்றத்துக்குப் போனேன். ஏசி அறையில் ஐந்தாறு பேர் விழாவுக்கு யாருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சுப்படியை மேசைமேல் எறிந்தேன்.

"யாருடைய கண்ணு சுகுமாரா இது? ஜெயா மேகம்னு எழுதின நாளுக்கு இந்தப் புள்ளியெல்லாம் எந்தக் கண்ணு கண்டது?"

"இத்தா, கோபப்படாதீங்க. இது பொய்யொண்ணும் இல்ல. சாட்டிலைட் கண்ட கணக்கு, சரியான எண்ணாக்கும். நடுவில இடைவெளி கிடந்தா புக்கு பார்க்க ஒரு பங்கி வேண்டாமா?"

பங்கி! அழகு வேண்டுமாம். புகைப்படத்துக்கு நிறம் கூட்டுவதும் இதுவும் அவருக்கு ஒன்றுதான். சாட்டிலைட்டுக்கு நம் ஜெயா எதற்கு, அது தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளாதா என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டேன், எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. நீ தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

அந்த மனுஷன் பொறுமையாகக் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"அப்போ இது என்னாக்கும் இத்தா? போன ஜூன். சேச்சி ஆஸ்பத்திரியில கிடந்த பதினொரு நாள். கொச்சி முழுக்க மழை, அந்த நாட்களோட மேகப் படம் இருக்கு என்கிட்ட. நோட்டில உங்க கையெழுத்து. ஒருநாள்கூட மேகம்னு எழுதலை, எல்லாம் எண்ணு. அதுவும் தப்பான எண்ணு. நான் அதையும் சரியாக்கிட்டேன்."

ஜெயா, அவர் சொன்னது நிஜம். பொன்னாடைப் பட்டியலைப் பார்ப்பதுபோல எல்லோரும் குனிந்துகொண்டார்கள். என் புளுகைத் திருத்தும் தகுதி சுகுமாரனுக்கு வந்துவிட்டது, இதைவிடக் கேவலம் எனக்கு வேண்டுமா?

உனக்கு இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். எர்ணாகுளத்தில் உன்னைப் பார்க்க வந்தேன், தொற்று வந்துவிடும் என்று வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். நீ ஃபோன் பண்ணினாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட விடவில்லை. "இன்னைக்கு எத்தனை இத்தா?" என்றாய். மாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மேகம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் குரல் அவ்வளவு மெலிந்து கிடந்தது. "நாலு கூட்டம்டீ, பத்தொன்பது புள்ளி" என்று வந்துவிட்டது. "அம்மாடி, நாலா?" என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக மறுநாளும் சொன்னேன். பதினொரு நாளும் சொன்னேன், எந்தக் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதுவரை. சொன்னதை நோட்டிலும் எழுதினேன், மாதக் கடைசியில் வழக்கம்போல உலகம் முழுக்க எண்ணுகிறவர்களின் புள்ளிக் கணக்கைச் சேர்க்கிற வெளிநாட்டு ஆபீசுக்கும் அனுப்பினேன். அதற்குள் நீ போய்ச் சேர்ந்திருந்தாய், உன் கடைசி மாதத்தை வெறுமையாக அனுப்ப எனக்குக் கை வரவில்லை. பதினான்கு வருஷம் உன்கூட நின்றவள் செய்த காரியம் இது. மன்றத்துக்காரர்களையாவது மடையர்கள் என்று விட்டுவிடலாம். எனக்குத் தெரியும், தெரிந்தே செய்தேன். தூ!

மூன்று நாள் மாடிக்குப் போகவில்லை. நாலாவது நாள் வித்யா வந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன், மறைக்கவில்லை. அவள் பையிலிருந்து உன் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தாள். ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் நடுவில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"பெரியம்மா, இது அம்மா எழுதினதாக்கும். மருந்து லிஸ்ட்னு நினைச்சு வெச்சிருந்தேன். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதில்ல. நீங்க ஜூன்னு சொன்னப்போதான் ஓர்மை வந்துது, இதிலயும் தேதி தேதியா இருக்கே."

ஜெயா, உன் கையெழுத்தில் முதல் வரி:

'மேகம். இத்தா சொல்வது: 4 கூட்டம், 19 புள்ளி. நோட்டில் ஏற்ற வேண்டாம்.'

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஐந்தாம் நாள்: 'மேகம். இத்தாவின் பெரிய கூட்டம் மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது. நகர்த்த மறந்துவிட்டாள்.' ஆமாம், மறந்துதான் போனேன். சூரியன் சுழல்கிறது, புள்ளியும் கூடவே ஓரத்துக்குப் போகவேண்டும் என்பதுகூட அந்தக் கவலையில் புத்தியில் உறைக்கவில்லை. ஒழுங்காகப் பொய் சொல்லக்கூட உன் இத்தாவுக்குத் துப்பில்லை.

"அவளுக்கு எப்படிடீ தெரிஞ்சுது?" என்று வித்யாவைக் கேட்டேன்.

"எந்தா பெரியம்மா, ஜன்னல் பக்கத்துக் கட்டில்தானே. வேணும்னு கேட்டு வாங்கினாங்க. நாள் முழுக்க மழையையே நோக்கிக் கிடப்பாங்க. எட்டு மணியானா ஃபோனை எடுத்துத் தரச் சொல்லுவாங்க."

அடிப்பாவி! மழையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் எத்தனை என்று கேட்டாயா? அந்தப் பெரிய கூட்டம் ஓரத்துக்கு வந்தாச்சா என்று வேறு விசாரித்தாயே! நான் உன்னை ஏமாற்றுகிறேன் என்று நினைத்து ஒவ்வொரு ராத்திரியும் அழுதேன். நீ அங்கே என்னைப் பரீட்சை வைத்துத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாய்.

பதினோராம் நாள் எழுத்து ஊர்ந்து கிடக்கிறது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். 'திரை போட்டுவிட்டார்கள். வானம் தெரியவில்லை. இத்தா 6 கூட்டம் என்கிறாள். நோட்டில் வேண்டாம். எனக்குப் பிடித்திருந்தது.'

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத உனக்கு எவ்வளவு நேரம் பிடித்ததடி?

இனிச் செய்தி. வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதிவிட்டேன், வித்யாதான் தட்டித் தந்தாள். அந்தப் பதினொரு நாளும் நான் சூரியனைப் பார்க்கவில்லை, எண்கள் பொய், எடுத்துவிடுங்கள் என்று. இரண்டு வரியில் பதில் வந்தது: நீக்கிவிட்டோம், நன்றி. எனக்கு உயிர் போய் வந்த காரியம் அவர்களுக்கு இரண்டு வரி. அதுவும் சரிதான்.

சுகுமாரனிடம் வித்யாவே பேசினாள். உன் மகள்தான், சந்தேகமே வேண்டாம். மேகத்தைத் திருப்பிப் போடாவிட்டால் புத்தகமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தானும் இல்லை, மேடையில் தேவதையின் ஃப்ளெக்ஸை மட்டும் நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள் என்றாள். "இத்தனை மேகத்தைப் போட்டா ஆரு வாங்குவா மோளே?" என்று அவர் கெஞ்சினாராம். ஹால் பிடித்தாகிவிட்டது, வேறு வழியில்லை, ஒத்துக்கொண்டார். சணல் நாரும் வருகிறது. ஃப்ளெக்ஸை மட்டும் இறக்க மாட்டேன் என்கிறார்கள், மன்றத்துக்கு அதுதானே வானம்.

ஜெயா, ஞாயிற்றுக்கிழமை நானும் மேடையேறுகிறேன். இதுகளுக்கு முன்னால் அந்தப் பதினொரு நாளையும் நான்தான் புளுகினேன் என்று என் வாயால் சொல்கிறேன். உன் காகிதத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கிறேன், என்னைக் கிண்டல் பண்ணிய வரியையும் விடாமல். அவர்கள் கைதட்டுவார்கள், எதற்கென்று தெரியாமலே தட்டுகிற கைகள்தானே. தட்டிவிட்டுப் போகட்டும். பத்து நாளை நிறுத்தி நிதானமாக வாசிப்பேன், இது சத்தியம். பதினோராவது நாளுக்கு மட்டும் என்னிடம் வாக்குக் கேட்காதே.

உன் கூடப் பிறக்காத இத்தா,
நபீசா
சாக்குக் கடை மாடி, மட்டாஞ்சேரி