மரியாதைக்கு முதலில் போட்ட பெயர்

ஞாயிறு இரவு, தெம்பனிஸ்

தேக்காவில் நடக்கும் கோடிங் வகுப்பில் இன்று பெயரைச் சேமித்துத் திரையில் காட்டக் கற்றேன். வீட்டில் கணவருக்குச் செய்து காட்டினேன். மரியாதைக்கு முதலில் ஒரு வேரியபிளில், அதாவது பெயரைச் சேமிக்கும் பெட்டியில், அவர் பெயரைப் போட்டேன். அடுத்த வரியில் அதே வேரியபிளில் என் பெயர். பிரிண்ட் கொடுத்ததும் திரையில் மலர்விழி மட்டும் வந்தது.

“என் பேரு எங்கடி?”

“ஒரு வேரியபிள்ல கடைசியா போட்டதுதாங்க நிக்கும்.”

“என்னையே அழிச்சிட்டியா?”

பளாரென்று அறைந்தார். லேப்டாப்பைச் சுவரில் அடிக்க ஓங்கினார். அவர் கையைக் கடித்தேன். ரத்தம் வரும்வரை விடவில்லை. லேப்டாப் கீழே விழுந்து திரை விரிசல் விட்டது.

கட்டுப்போடக் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். என் வாயில் இன்னும் உப்புக் கரிக்கிறது.

அவர் பெயர் இருந்த வரியை இப்போதுதான் அழித்தேன். மறுபடி புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. விரிசலுக்கு நடுவே அதே மலர்விழி.